மின்தடை அறிவித்தல்

பதினெட்டுப் படங்கள் மாட்டினேன்.
வாடகை மேல்மாடி. இரண்டு மின்விசிறி,
ஒன்று சுற்றினால் ஒரு பக்கம் இழுக்கும்.
குப்பைமேனி, நாயுருவி, இராவணன்மீசை,
கல்லுண்டாய் வெளியில் உப்பேறிச் சிவந்த உமிரி.
வந்தவர்கள் கார்த்திகைப்பூவைத் தேடினார்கள்.
ஏன் இல்லை என்றார்கள் சிலர்.
இல்லாதது நல்லது என்றார் ஒருவர்,
வாசலைப் பார்த்தபடி, மெதுவாக.
டொரன்டோவிலிருந்து வந்தவர்
சாப்பாட்டறைக்கு உமிரியைக் கேட்டார்,
கொஞ்சம் பெரிசாய், கொஞ்சம் பச்சையாய்.
உமிரி அப்படி இராது என்றேன்.
விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம்
மின்சார சபையிலிருந்து குகதாசன்.
படம் பார்க்க அல்ல, மீட்டர் பார்க்க.
தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி
பதினோராம் இலக்கத்தில் நின்றுவிட்டான்.
"உது வேலிப்பருத்தி எல்லோ.
என்ர தூணில ஏறுற சனியன்.
மாசாமாசம் வெட்டுறன்."
பிறகு, கிட்ட வந்து,
"காய் எங்க?"

இரண்டு கிழமை அந்த இலையோடு இருந்தவள் நான்.
இதய வடிவம், எதிரெதிராய்,
அடியில் நரைத்த மயிர்,
மூன்று சைபர் தூரிகையால்
ஒவ்வொன்றாய் இழுத்தது.
காய் எங்கே?
"சோடியாய்த்தான் காய்க்கும். மாட்டுக்கொம்பு மாதிரி.
மேல ஏறினாத்தான் தெரியும்."
என் தாவரவியல் முழுவதும்
ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குள் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து பேப்பரில் நான் முதலில் படிப்பது
மரண அறிவித்தல் அல்ல.
*கொக்குவில், குளப்பிட்டி, ஆடியபாதம் வீதியின் ஒரு பகுதி,
காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.*
பராமரிப்பு வேலை என்று போட்டிருப்பார்கள்.
எனக்கு அது அறுவடைத் தேதி.

ஆறரைக்கே போய் நின்றேன் கமராவோடு.
லென்ஸின் உள்ளே போன மாரியில் பிடித்த பூஞ்சணம்,
இடது மூலையில் எப்போதும் ஒரு மேகம்.
அண்ணாந்து எடுத்தால் எல்லாம் கறுப்பு,
வானம் மட்டும் நன்றாக விழுந்தது.
பால்காரர் சைக்கிளை நிறுத்தி
கம்பியில் என்ன, காகமா என்றார்.
ஓம் என்றேன். விளக்க நேரமில்லை.

எட்டேகாலுக்கு ஏணி வந்தது.
கொக்கத்தடி எட்டாத இடத்தில் கத்தி.
வெட்டுவாயில் பால் துளிர்த்து
அவன் கையுறையில் சொட்டியது.
என்னிடம் வெள்ளை நிறம் கிடையாது.
தாளைத் தொடாமல் விடுவதுதான் என் வெள்ளை.
அந்தப் பாலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று
கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது
காலடியில் விழுந்தது ஒரு சுருள் கொடி,
அதில் இரண்டு சோடிக் காய்.
மெத்தென்ற முள். கிளிமூக்கு நுனி.
ஒரு சோடி பச்சை.
மற்றது பழுப்பேறி, தையல் விடத் தொடங்கியிருந்தது.

வெட்டிய கொடி நாற்பது நிமிடத்தில் வாடும்.
மின்விசிறி இல்லாத மேசையில், பனியனோடு,
வியர்வை தாளில் விழாமல் இருக்க
நெற்றியில் துவாயைக் கட்டிக்கொண்டு வரைந்தேன்.
பச்சைக் காய் முதலில். பிறகு இலை.
சாப்பிட்டேனா, ஞாபகமில்லை.
பழுப்புக் காய் வெயில் பட்ட யன்னலோரம்
சத்தமில்லாமல் வாய் திறந்து கிடந்தது,
உள்ளே பட்டு, அடுக்கடுக்காய்,
மீன் செதிள் மாதிரி விதைகள்.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கரண்ட் வந்தது.
அறிவித்ததற்கு எட்டு நிமிடம் முந்தி.
காலையில் நான் நிறுத்த மறந்த விசிறி
தானாகத் தொடங்கியது.

அறை முழுக்கப் பட்டு.
கமராவை எடுத்து இருபத்து மூன்று தரம் அமத்தினேன்.
இருபத்திரண்டில் ஒன்றுமில்லை, புகை.
ஒன்றில் விசிறியின் இறக்கை தெளிவாய் இருந்தது,
அதன் தூசி உட்பட.
ஒரு விதை மட்டும் ஈரம் காயாத இலையில் இறங்கி,
பச்சையில் ஒட்டிக்கொண்டது.
எடுக்கப் போன விரலை நிறுத்தினேன்.
அடுத்த கண்காட்சியில் அது பன்னிரண்டாம் இலக்கம்.
என்ன ஊடகம் என்று எழுதுவதென்று இன்னும் தெரியாது.

மற்றவை மூச்சுக்குள் போகப் பார்த்தன.
யன்னலைத் திறந்தேன்.
எழும்பிப் போயின, வேலிக்கு மேலால்,
தூண் இருக்கும் பக்கமாக.
குகதாசனுக்கு வேலை இருக்கும்.